சந்நிதியில் இரண்டு வெள்ளிக்கிழமைகள்

அச்சுவேலியைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் பஸ் வண்டியில் யன்னலோரமாக அமர்ந்திருப்போர்க்குத் தொண்டைமானாறு அண்மிவிட்டதென்பதைக் கண்ணுக்கு முன்னதாக மூக்கே அறிவித்துவிடும். தோட்டங்களின் மண் வாசனை மெல்ல மறைய, உப்புநீரின் வாசனை காற்றிலே கலந்து வரும். பின்னர் வெயிலிலே தகதகவென்று ஒளிரும் நீர்ப்பரப்புத் தோன்றும். அதன் கரையிலேதான் ஆற்றங்கரையான் என்று அடியார்கள் அன்போடு அழைக்கும் செல்வச்சந்நிதி முருகன் கோயில் கொண்டிருக்கின்றான்.

ஆறென்பது பெயரளவிலேதான். மலையிற் பிறந்து சமவெளியிலே தவழ்ந்து வரும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏது? வடமராட்சிக் கடனீரேரியை வடகடலோடு இணைக்கும் நீர்வழியே இங்கு ஆறெனப் பெயர் பெற்றிருக்கின்றது. உப்பைக் கொண்டுசெல்லும் மரக்கலங்களின் பொருட்டுக் கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழநாட்டுத் தலைவன் இதனை வெட்டுவித்தான் என்பது நம் முன்னோர் சொல்லிவந்த செய்தி. மாரியிலே இந்நீர் நிரம்பித் ததும்புவதும் ஓர் அழகு. கோடையிலே வற்றி, கரையோரத்தில் உப்புப் பூத்துக் கிடப்பதும் ஓர் அழகு.

சந்நிதிக்குப் புதிதாகச் செல்லும் ஒருவர் அங்குள்ள வழிபாட்டைக் கண்டு வியப்படைதல் இயல்பு. பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். கதிர்காமத்து முறையும் இதுவே. அதனால் இத்தலத்தைச் சின்னக் கதிர்காமம் என்று கூறுவோரும் உளர். முருகனுக்கு அமுது படைப்பது 65 ஆலமிலைகளிலே. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் தன் நெடும்பயணத்தைத் தொடங்குவதும் இந்த ஆற்றங்கரையிலிருந்தே. ஆயினும், நம்மவர் இவனுக்கு வழங்கும் பெயர்களுள் என் மனத்தை அதிகம் கவர்ந்தது அன்னதானக் கந்தன் என்பதாகும். கோவிலைச் சூழவுள்ள மடங்களில், வந்தவர் யார், எவ்வூரார் என்ற கேள்வியின்றி இலை போடுகின்றார்கள். நோயுற்றோர் நாட்கணக்காக இங்கே தங்கி, கிடைக்கும் அன்னத்தையே மருந்தாக உண்டு குணமடைந்து சென்றதாகச் சொல்லப்படும் கதைகளும் பல.

அந்த மருந்தை நான் நோயாக்கிக்கொள்ளப் பார்த்த கதையைத்தான் இங்கு கூறப் புகுந்தேன்.

சென்ற மாசி மாதத்தில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் சர்க்கரை அளவு 118 மில்லிகிராம் என்று வந்தது. அது 100க்குக் கீழிருத்தல் நன்று. 126ஐ எட்டி, மறுமுறையும் அவ்வாறே காட்டுமாயின் நீரிழிவு என்று பெயரிட்டுவிடுவர். நானோ இரண்டுக்கும் நடுவே வேலியின்மேல் நின்றேன். நிறை 86 கிலோ. “இப்ப மருந்து தேவையில்லை, மாஸ்ரர். ஒரு ஆறு கிலோ குறையுங்கோ. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. பேந்து பாப்பம்” என்றார் வைத்தியர். அவர் மனம்போனபடி சொன்னதன்று அந்த ஆறு கிலோ. அமெரிக்காவில் என்னைப் போல வேலியின்மேல் நின்ற 3,234 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளியாயிற்று. உடல் நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காகக் கொண்டோரிடையே நீரிழிவு தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்ததென்று அதிற் கண்டனர். 86இல் ஏழு வீதம் ஆறு கிலோ. கணித ஆசிரியனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், என்னை அசைத்தது அந்த ஆய்வன்று. என் தகப்பனார் தம் இறுதி நான்கு ஆண்டுகளையும் ஒற்றைக் காலோடு கதிரையிலே கழித்தவர். மற்றக் காலை இந்நோய் கொண்டுபோயிற்று. எஞ்சிய பாதத்தை இரவிலே விளக்கருகிற் பிடித்து, விரலிடுக்குகளிற் புண் ஏதும் உண்டோவென்று பார்ப்பது பாடசாலை மாணவனாயிருந்த என் கடமை. அந்தப் பாதத்தின் குளிர்ச்சி இன்றும் என் கையிலே இருக்கின்றது. என் மகனுக்கு இப்பொழுது வயது பதின்மூன்று.

ஆதலால் ஒரு குறிப்பேடு வாங்கினேன். உண்டது, நடந்தது, வாரத்தில் ஒருநாள் நிறுத்த நிறை ஆகியவற்றை அதில் எழுதிவந்தேன். சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் பருப்பையும் இரட்டித்தேன். தேநீருக்குச் சீனியை நிறுத்தினேன். ஆவணி பிறந்தபோது நிறை எழுபத்தொன்பதரையாயிருந்தது. சற்றுப் பெருமையும் பிடித்துக்கொண்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய காற்சட்டைகளைத் தையற்காரரிடம் கொடுத்து ஒடுக்குவித்தேன்.

நல்லூர்த் திருவிழா நிறைவுறும் நாட்களிற் சந்நிதித் திருவிழா தொடங்கும். அந்தத் திருவிழாக் காலத்து வெள்ளிக்கிழமையொன்றிலே குடும்பத்தோடு சென்றோம். காவடிகளும் கற்பூரச் சட்டிகளும் அங்கப்பிரதட்டணம் செய்வோருமாகச் சூடேறிய மணலிற் கால் வைக்க இடமில்லை. பூசை முடிந்து மடமொன்றின் வாயிலை நாங்கள் அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணியாகிவிட்டது. ‘மத்தியானம் எப்படியும் கூடுதலாகச் சாப்பிட நேரும்’ என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து, காலையுணவை நான் தவிர்த்திருந்தேன். என் முதற் பிழை அது.

பந்தியில் அமர்ந்தோம். சிவப்பரிசிச் சோறு, ஆவி பறக்கப் பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய், வடை. கிடாரத்திலே விறகடுப்பின் புகை மணத்தோடு நூற்றுக்கணக்கானோர்க்கு ஒன்றாகச் சமைக்கும் கறிக்கு ஒரு சுவையுண்டு. வீட்டுச் சட்டியில் அதனை எக்காலத்திலும் கொண்டுவர இயலாது. பரிமாறியவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். தோளிலே துண்டு, கையிலே வாளி. “போடட்டோ மாஸ்ரர்? அன்னதானக் கந்தன்ரை சோறு, வேண்டாமெண்டு சொல்லக்கூடாது” என்றார். நான் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் சொல்லவில்லை. பாயாசம் வந்தது. ஒரு குவளை, பின்னும் ஒரு குவளை, மகள் குடியாது வைத்த குவளையையும் ‘அன்னத்தை வீணாக்கலாகாது’ என்ற பெரியதொரு நியாயத்தைக் கூறிக் குடித்துவைத்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமேயில்லை. திருநாளன்று கோவிலிலே வயிறார உண்பது குற்றமா? நம்முடைய பாட்டனாரும் பாட்டியாரும் அவ்வாறே உண்டார்கள். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது என் மனத்திலே எழுந்த ஒரு வாக்கியமே கேட்டினை விளைத்தது. ‘இன்றைய நாள் எப்படியும் கெட்டுவிட்டது, இனி என்ன!’ என்றது மனம். உடனே வீதியோரத்துக் கடைகள் அனைத்தும் எனக்காகவே திறந்து வைத்திருப்பன போலத் தோன்றின. வறுத்த கச்சான் ஒரு சரை. கச்சான் அல்வாவிற் பெரிய துண்டொன்று. பிள்ளைகளுக்கென்று வாங்கிய தொதலிலே பாதி. இரவு மற்றொரு மடத்திலே மறுபடியும் பந்தி. பசி என்பது அந்நாளில் மத்தியானத்துக்குப் பின் என்னை அணுகவேயில்லை. பசியில்லாமலே உண்டுகொண்டிருந்தேன்.

மறுநாட் காலை தராசிலே ஏறினேன். 81.6 கிலோ! ஒரே நாளில் இரண்டு கிலோவும் நூறு கிராமும். வெட்கமும் பயமும் ஒருங்கே பிடித்தன. அன்று பகல் முழுவதும் வெறுந் தேநீரோடு பட்டினி கிடந்தேன். பொழுது சாய்ந்ததும் அலமாரியிலிருந்த முறுக்குத் தகரத்தைத் திறந்து அதன் அடியைக் கண்டேன். ஞாயிறும் அவ்வாறே. திங்கட்கிழமை குறிப்பேட்டைத் திறக்கவில்லை. காலை நடையும் நின்றது. ‘மழை வரும் போலிருக்கிறது’ என்று மனைவியிடம் சொன்னேன். ஆவணி மாதத்து வானத்தை அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. இப்படியே எட்டு நாட்கள் ஓடின. ஆறு மாதத்து உழைப்பு ஒரு வெள்ளிக்கிழமையோடு கரைந்துபோயிற்றென்று நானே தீர்ப்பெழுதிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் வகுப்பிலே விகிதக் கணக்கொன்றைச் செய்வித்துக்கொண்டு நிற்கையில், என் சொந்தக் கணக்கை நான் ஒருபோதும் செய்து பார்க்கவில்லையே என்ற எண்ணம் வந்தது. பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறையில் அமர்ந்து செய்தேன். ஒரு கிலோ கொழுப்பு உடம்பிலே சேரவேண்டுமாயின், தேவைக்கு மேலாக ஏறக்குறைய 7,700 கலோரி உண்ணல் வேண்டும். அப்படியானால் என் 2.1 கிலோவுக்கு 16,000க்கும் அதிகம் வேண்டும். அன்று நான் உண்ட அனைத்தையும், மகளின் பாயாசம் உட்பட, எவ்வளவு தாராளமாக மதித்தாலும் 4,000ஐத் தாண்டவில்லை. அதிலும் பாதிக்கு மேல் என் அன்றாடத் தேவை. எஞ்சியதைக் கொழுப்பாக்கினால் கால் கிலோவுக்கு மேற் போகாது.

அவ்வாறாயின் மீதி என்ன? பெரும்பாலும் நீர். நாம் உண்ணும் சோறு முதலிய மாப்பொருளின் ஒரு பகுதியை உடல் கிளைக்கோசன் என்னும் பொருளாக மாற்றி ஈரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கின்றது; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் தங்கும். மோர்மிளகாயிலும் அப்பளத்திலும் உள்ள உப்பு தன் பங்குக்கு நீரைப் பிடித்து வைக்கும். செரிமானமாகாத உணவும் வயிற்றிலே கிடக்கும். இவையெல்லாம் வழமையான உணவுக்குத் திரும்பிய சில நாட்களிலே தாமாக நீங்கிவிடுவன. நான் கண்டு நடுங்கிய இரண்டு கிலோவில் என்னுடைய உண்மையான கடன் கால் கிலோ மட்டுமே. ஆனால் அதற்குப் பின் வந்த எட்டு நாட்களும் அந்தக் கடனுக்கு வட்டிமேல் வட்டி சேர்த்துக்கொண்டிருந்தன.

என் மனம் செய்த தந்திரமும் புதியதன்று என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். ஹேர்மன், மாக் என்னும் இரு உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, சிலருக்கு முதலில் இனிப்புப் பாற்பானம் கொடுத்து, பின்னர் ஐஸ்கிறீம் விரும்பியவாறு உண்ணலாமென்று விட்டனர். உணவைக் கட்டுப்படுத்தும் வழக்கமில்லாதோர், பாலைக் குடித்தமையால் ஐஸ்கிறீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டோடு இருந்தவர்களோ, பாலைக் குடித்த பின்னர் அதிகமாக உண்டார்கள். வேலி ஒருமுறை முறிந்ததென்று கண்டதும், தோட்டத்தையே மாட்டுக்கு விட்டுவிடும் இயல்பு அது. கச்சான் அல்வாக் கடை முன்னே நின்ற என்னை அவர்கள் கண்டிருந்தாற் சிரித்திருப்பார்கள்.

அன்று மாலை வீட்டுக்குச் சென்று நான் செய்தது மிகச் சாதாரணம். பட்டினி கிடக்கவில்லை, இரண்டு மடங்கு நடக்கவுமில்லை. குரக்கன் பிட்டும் கீரையும் வழக்கமான அளவில் உண்டேன். உணவுக்குப் பின் ஒழுங்கை முனைவரை இருபது நிமிடம் நடந்தேன். உண்டபின் நடப்பது இரத்தத்துச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிப்பதால் வைத்தியர் முன்னமே கூறியிருந்தார். காலையுணவை மறுபடியும் தவறாமல் உண்ணத் தொடங்கினேன். தராசை மட்டும் ஒரு வாரத்துக்குக் கட்டிலின்கீழ்த் தள்ளிவிட்டேன். (நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்போர், உணவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் தம் வைத்தியரைக் கேட்டே செய்தல் வேண்டும், பட்டினி அவர்களுக்கு ஆபத்தானது.) ஒரு வாரம் கழித்து நிறுத்தபோது 80.2 கிலோ.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விடுமுறை. “சந்நிதிக்குப் போவமே?” என்றாள் மனைவி. நான் தயங்கினேன். சாமியைக் கும்பிடலாம், மடத்துக்கு மட்டும் வேண்டாமே என்றேன்.

“ஏனப்பா, ஊரிலை சோறு போடாத இடமாப் பாத்துப் பாத்துப் போய்க்கொண்டிருக்க ஏலுமே?” என்றாள்.

நியாயமான கேள்வி. கலியாண வீடும் அந்தியேட்டியும் பொங்கலும் தீபாவளியும் இன்றி நம் வாழ்க்கை ஏது? புறப்பட்டோம். இம்முறை காலையுணவை உண்டுவிட்டே புறப்பட்டேன்.

திருவிழா முடிந்த சந்நிதி வேறோர் ஊர். மணலிலே காகங்களும் இரண்டு மாடுகளும். தேர்முட்டியின் நிழலிலே முதியவர் ஒருவர் துண்டை விரித்து உறங்கிக்கொண்டிருந்தார். கடைகளிற் பல மூடியிருந்தன. கேணிப்பக்கமிருந்து வந்த காற்றிலே திருநீற்று மணம். பூசை வேளையில் மணியோசை மட்டும் எழுந்து, வாய் கட்டிய பூசகரின் மௌனத்தோடு கலந்து நின்றது. கூட்டத்திலே காணாததை அன்று கண்டேன்: ஆலமிலைகள் ஒவ்வொன்றாக அடுக்கப்படுவதை. ஒவ்வோர் இலையிலும் வைக்கப்படுவது சிறிதளவு அன்னமே.

மடத்திலே அதே முதியவர், அதே வாளி. என்னை உற்றுப் பார்த்தார்.

“கொடியேற்றத்துக்குப் பிறகு வந்த மாஸ்ரரெல்லே? அண்டைக்கு மூண்டு பேரின்ரை பாயாசம் குடிச்சனீங்கள்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. என் நிலைமையைக் கூறினேன். அவர் முகத்திலே கேலி மறைந்தது.

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி. நாங்கள் நிக்காமல் போட்டுக்கொண்டு போறனாங்கள். ஆருக்கு என்ன வருத்தமெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? போதுமெண்டால் இலைக்கு மேலை கையை விரிச்சுப் பிடியுங்கோ. பிடிச்ச கைக்கு மேலை ஒருத்தரும் ஊத்தார்.”

‘மாஸ்ரர்’ என்பது ‘தம்பி’யாக மாறியதைக் கவனித்தேன். அவருக்கும் சர்க்கரை வருத்தம் பதினைந்து வருடமாக உண்டாம். பந்திகளெல்லாம் முடிந்தபின், ஒரு சிறங்கைச் சோறும் நிறையக் கறியும் வைத்து உண்பாராம். பாயாசம்? “வெள்ளிக்கிழமைகளிலை மட்டும் ஒரு வாய். விட்டால் அவன் கோவிப்பான்” என்று கோவில் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

முதலிற் கீரையும் பூசணிக்காயும் பருப்பும் உண்டு, பின்னர்ச் சோற்றைத் தொட்டேன். இரண்டாம் முறை வாளி வந்தபோது இலைமேற் கையை விரித்தேன். எளிய செயல்தான், ஆயினும் வகுப்பிலே முதன்முறையாகக் கையுயர்த்தும் மாணவனைப் போல எனக்குக் கூச்சமாயிருந்தது. வாளி நில்லாமல் அடுத்த இலைக்குப் போயிற்று. பாயாசம் அரைக் குவளை வாங்கினேன். சொல்லப்போனால், மூன்று குவளை குடித்த நாளிலே அதில் ஏலம் போட்டிருந்தார்கள் என்பதையே நான் அறியவில்லை.

உண்டபின் மனைவியையும் மகளையும் மடத்துத் திண்ணையில் இளைப்பாற விட்டு, மகனோடு பாலத்தைக் கடந்து வல்வெட்டித்துறைப் பக்கமாகக் கடற்கரை வீதியிலே நடந்தேன். இடப்புறம் நீலக் கடல், கரையேற்றிய படகுகள், உலரும் வலைகள். ஒருகாலத்தில் இக்கரையிலே பெரிய பாய்க்கப்பல்களைக் கட்டினார்கள் என்றும், இங்கே கட்டிய கப்பலொன்று 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம்வரை சென்று சேர்ந்ததென்றும் மகனுக்குச் சொன்னேன். “என்ன பேர், அப்பா?” என்றான். அன்னபூரணி என்றேன். “இண்டைக்கு எல்லாம் சாப்பாட்டிலைதான் வந்து முடியுது” என்றான் அவன்.

போகவர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. திரும்பும் வழியில் அவன் எனக்கு முன்னே விரைந்து நடந்தான்; மணலிற் பதிந்த அவன் பாதச் சுவடுகளைப் பார்த்துக்கொண்டே பின்னே வந்தேன்.

அன்றிரவு குறிப்பேட்டை எடுத்தேன். ஆவணி மாதத்துப் பக்கங்களில் எட்டு நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை நினைவிலிருந்து நிரப்ப முயலவில்லை, கிழிக்கவுமில்லை. புதிய பக்கத்திலே எழுதினேன்: ‘மதியம், சந்நிதி மடம். சோறு ஒருமுறை. கீரை, பூசணி, பருப்பு. வடை ஒன்று. பாயாசம் அரைக் குவளை. நடை ஒரு மணி பத்து நிமிடம்.’

ஐப்பசியில் எடுத்த பரிசோதனையிலே சர்க்கரை 104, நிறை 78.8. வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இறங்க வேணும்” என்றார். தைப்பூசத்துக்குச் சந்நிதிக்குப் போகவேண்டுமென்று மனைவி இப்பொழுதே சொல்லிவைத்திருக்கிறாள்.